ஜுலைகா கோடு

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மூட்ட வேண்டிய உலையை, திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வந்து நிறுத்து என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கு வந்தது. சும்மா வரவில்லை, உச்சந்தலைக்கு ஏறி வந்தது.

என் பெயர் சூசைராஜ். நரிப்பாறை முனை அணுக்கரு இணைவு உலையில் கட்டுப்பாட்டு அறைத் தலைவன். கோடிக்கணக்கான டிகிரியில் கொதிக்கும் பிளாஸ்மாவைக் காந்தங்களுக்கு நடுவே மிதக்கவிட்டு, சுவரில் படாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்தச் சூட்டில் பாதி மின்சாரமாகும், மீதி கடல்நீரைக் குடிநீராக்கும். ராமநாதபுரம் கடலோரத்தில் எண்பது ஊர்களுக்குக் குழாய் பதித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. திறந்தால் காற்று வரும். அதுவரை சின்னச் சின்னச் சோதனைகள்தான் நடந்திருந்தன. வெள்ளிக்கிழமை முதல் தண்ணீரே வரும் என்று ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்லிவிட்டார்கள். என் மனைவி மெர்சி, லாரித் தண்ணீர் பிடிக்க வைத்திருந்த நீல டிரம்மைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தே விட்டாள்.

நிறுத்தச் சொன்னவர் டாக்டர் ஜுலைகா. கீழக்கரைக்காரர், ஐம்பத்தெட்டு வயது, எங்கள் நிலையத்தின் அணுத் தரவுப் பிரிவுக்குத் தலைவர். நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தபோது உள்ளே வந்தார்.

"சூசை, சாப்பிட்டியா?"

"இப்பதான் மேடம் திறந்தேன்."

"சாப்பிட்டு முடி. அப்புறம் சொல்றேன். இப்பச் சொன்னா உனக்குச் சோறு இறங்காது."

இப்படிச் சொன்ன பிறகு எவன் சாப்பிடுவான்? சொல்லுங்க என்றேன்.

"வெள்ளிக்கிழமை மூட்ட வேண்டாம். என் கோடு தப்பு."

அவருடைய கோடு என்றால் லேசுப்பட்டதல்ல. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சின்னச் சோதனை உலையில் எடுத்த நிறமாலைப் படத்தில் ஆயிரக்கணக்கான கோடுகளுக்கு நடுவே ஒன்றைக் காட்டி, 'இது ஐம்பத்தைந்து எலக்ட்ரான் இழந்த டங்ஸ்டன் விடுகிற வெளிச்சம்' என்று அடையாளம் சொன்னவர் அவர். உலகத்தில் எங்கே இணைவு உலை கட்டினாலும் அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு 'ஜுலைகா கோடு' என்றே பெயர். கல்லூரிப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் நிலைய வாசலில் அந்தக் கோட்டை மார்பளவு உயரத்துக்குப் பளிங்கில் செதுக்கியும் வைத்திருக்கிறார்கள்.

"மேடம், விளையாடாதீங்க."

"நான் என்னைக்குய்யா விளையாடியிருக்கேன்? என் கணக்குப்படி அந்தக் கோட்டுக்கு ஒரு தங்கச்சி இருக்கணும். பக்கத்துலயே, நாலுல ஒரு பங்கு வெளிச்சத்தோட. பன்னிரண்டு வருஷமாக் காணோம். கருவி மங்கல், வேற வெளிச்சத்துல மறைஞ்சு கிடக்குன்னு எழுதி வெச்சேன். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. போன வாரம் வந்த புதுக் கருவி மயிரிழையைக்கூடப் பிரிச்சுக் காட்டுது. தங்கச்சி இல்லவே இல்லை."

"இல்லாட்டிப் போகட்டும்! அதுக்காக உலையை நிறுத்துவீங்களா? எண்பது ஊர்ச் சனம் குழாயைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கு. நாலு நாளைக்கு முன்னாடி வந்து, தங்கச்சியைக் காணோம், அக்காவைக் காணோம்னு..."

கத்திவிட்டேன். அறையில் இருந்த ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. "கத்தி முடிச்சிட்டியா? வா, டைரக்டர்கிட்டப் போவோம்" என்றார். டிபன் பாக்ஸை மூடிவிட்டுப் பின்னால் போனேன்.

இயக்குநர் பத்ரிநாத் நிர்வாகத் துறையிலிருந்து வந்தவர். நல்ல மனிதர்தான். ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பந்தல் போட ஆள் வந்து அளந்துகொண்டிருந்த நேரம்.

"டாக்டர், எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க. உங்க கோட்டுக்கும் என் உலைக்கும் என்ன சம்பந்தம்?"

"உலையோட உள்சுவர் டங்ஸ்டன் சார். அதுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா அணு பெயர்ந்து பிளாஸ்மாவுக்குள்ள போகும். ஒரு டங்ஸ்டன் அணுவுக்கு எழுபத்து நாலு எலக்ட்ரான். உள்ள இருக்கிற சூட்டுல ஐம்பது, ஐம்பத்தைந்துன்னு உதிர்ந்துடும். மிச்சம் இருக்கிறது சும்மா இருக்காது. ஏறும், இறங்கும். இறங்குறப்பல்லாம் வெளிச்சம் விடும். அந்த வெளிச்சம் சூட்டை வெளிய கொண்டு போயிடும். கொதிக்கிற உலையில பச்சைத்தண்ணி ஊத்துற மாதிரி."

"அளவு மீறினா?"

அதற்கு நான் பதில் சொன்னேன். "பிளாஸ்மா குலைஞ்சு ஒரே அடியாச் சுவத்துல போய் விழும் சார். குண்டு மாதிரி வெடிக்காது, யாரும் சாக மாட்டாங்க. ஆனா சுவர் உருகிடும். திரும்பக் கட்ட மூணு வருஷம்."

"அது தெரிஞ்சுதானே கம்ப்யூட்டர் வெச்சிருக்கோம்? டங்ஸ்டன் கூடினா அதுவே அணைச்சிடும்னு சொன்னீங்களே."

"கூடினது அதுக்கு எப்படித் தெரியும் சார்? உள்ள எட்டிப் பார்க்க முடியாது" என்றார் ஜுலைகா. "என் கோட்டோட வெளிச்சத்தை அளக்கும். இவ்வளவு வெளிச்சம்னா இத்தனை அணுன்னு நாங்க போட்டுக் கொடுத்த அட்டவணையைப் பார்க்கும். அந்த அட்டவணையை எங்கயும் அளந்து சரிபார்க்க முடியாது, கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கணும். ஐம்பத்தைந்து இழந்த அணு நல்ல சூட்டுல, நடுவுல இருக்கும். ஐம்பத்திரண்டு இழந்தது சூடு குறைஞ்ச ஓரத்துல இருக்கும். அந்தக் கோடு ஐம்பத்திரண்டோடதுன்னு இப்பச் சந்தேகப்படுறேன். அப்படின்னா, நடுவீட்டைப் பார்க்கிறோம்னு நினைச்சு வாசலைப் பார்த்துட்டு இருக்கோம். நடுவீட்டுல எவ்வளவு சேர்ந்தாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது."

இயக்குநர் ஜன்னல் வழியாகப் பந்தல்காரர்களைப் பார்த்தார். பிறகு அவர் கேட்டது சரியான கேள்வி.

"உங்க பிரிவுல எல்லாக் கணக்கையும் ரெண்டு பேர் தனித்தனியாப் போடுவீங்கன்னு பெருமையாச் சொல்லுவாங்களே. ரெண்டும் ஒண்ணா வந்தாத்தான் அட்டவணையில ஏத்துவீங்கன்னு. இதுவும் ஒண்ணாத்தானே வந்தது? ரெண்டு பேரும் ஒரே தப்பையா செய்வீங்க?"

அது எங்கள் நிலையத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். ஜுலைகா ஒரு அறை, அவர் பிரிவிலேயே இருக்கும் தணிகைவேல் அடுத்த அறை. ஆளுக்கொரு முறையில் கணக்கு. கணக்கு நடக்கும் மாதங்களில் எண்ணைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. டீகூட ஒன்றாகக் குடிக்க மாட்டார்கள், அவர் பத்தரைக்கு, இவர் பதினொன்றுக்கு. கடைசி நாளில் ஆளுக்கொரு தாளை மேசையில் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் புரட்டுவார்கள். சீட்டுக் கச்சேரி என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

"அதுதான் சார் எனக்கும் விளங்கலை. மூணு நாளாத் தலையைப் பிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றார் ஜுலைகா.

"நீங்களே விளங்கலைங்கிறீங்க. ஒரு சந்தேகத்துக்காக நான் எப்படி நிறுத்துறது?"

இந்த இடத்தில் நான் ஏன் வாயைத் திறந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் சொன்னது பொய்யாகிப் போக வேண்டும் என்ற எரிச்சலாகக்கூட இருக்கலாம்.

"நாலு செகண்டு சோதனை ஒண்ணு ஓட்டலாம் சார். அதுக்கு என் கையெழுத்தே போதும். இதுவரைக்கும் ஆறு கோடி டிகிரிக்கு மேல நாம போனதில்லை. நாலு செகண்டுல பத்துக் கோடிக்கு ஏத்துறேன். ஒரு சிட்டிகை டங்ஸ்டன் தூளை உள்ள விடுறேன். கோடு நிஜமாவே ஐம்பத்தைந்தோடதுன்னா சூடு ஏற ஏறப் பிரகாசமாகும். ஐம்பத்திரண்டோடதுன்னா மங்கிடும். அவ்வளவுதான்."

ஜுலைகா என்னைத் திரும்பிப் பார்த்தார். "சபாஷ்டா சூசை" என்றார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கட்டுப்பாட்டு அறையில் நிற்க இடமில்லை. இயக்குநர் என் நாற்காலிக்குப் பின்னால். தணிகைவேல் கதவோரம். நாற்பத்தைந்து வயது, திருத்தணிப் பக்கத்து ஆள், பேசினால் வாயில் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற ரகம். அன்றைக்கு அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜுலைகா திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோடு மங்கினால் அவருடைய பன்னிரண்டு வருடம் போச்சு. பாடப்புத்தகம் போச்சு, பளிங்கு போச்சு. மங்காவிட்டால் வெள்ளிக்கிழமை பந்தலில் முன்வரிசை. அறையில் இருந்த எல்லாருக்கும் இது தெரியும். மங்கக்கூடாது என்று நான் மனதுக்குள் மாதாவை வேண்டிக்கொண்டதை மறைக்க மாட்டேன்.

பொத்தானை அழுத்தினேன். முதல் விநாடியில் கோடு எழுந்தது. இரண்டாவதில் பளிச்சென்று ஏறியது. பின்னால் யாரோ "ஆகா" என்றார்கள். மூன்றாவது விநாடியில், சூடு எட்டுக் கோடியைத் தாண்டியபோது, கோடு சரியத் தொடங்கியது. பத்துக் கோடியில் அது இருந்த இடமே தெரியவில்லை. உலை அணைந்தது.

 ஜுலைகா திரையை விரலால் தட்டி, "பார்த்தியா, சொன்னேன்ல!" என்றார். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி இருந்தது அந்தக் குரல். தன் பெயரைத் தானே அழித்துவிட்டு இப்படி ஒரு மனுஷி சந்தோஷப்பட முடியுமா? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நேற்று இவரிடமா கத்தினோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

இயக்குநர் கதவுப் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் தணிகைவேல், உங்க கணக்கும் இதே தப்பான பதிலைத்தானே கொடுத்தது? எப்படி?"

 தணிகைவேல் ஜுலைகாவைப் பார்த்துச் சொன்னார்.

"என் கணக்கு கொடுக்கலை மேடம். என் கணக்கு அந்தக் கோட்டை ஐம்பத்திரண்டுலதான் காட்டிச்சு. ஐம்பத்தைந்தோட கோடு கொஞ்சம் தள்ளி விழுந்தது."

"என்ன?"

"கணக்குல வர்ற எண்ணை, கண்ணால பார்த்த கோட்டுக்கு ஒட்டி லேசா நகர்த்திக்கலாம்னு நம்ம விதியே இருக்கே. எல்லாரும் செய்யுறதுதானே. நீங்க அதை ஐம்பத்தைந்துன்னு அடையாளம் சொல்லியிருந்தீங்க. அதனால என் கணக்குலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சு, உங்க கோட்டுக்கு நகர்த்திட்டேன். நகர்த்தினதும் மத்ததெல்லாம் அழகா ஒட்டிக்கிச்சு."

"பன்னிரண்டு வருஷமா?"

"ஆமா மேடம்."

"பக்கத்து ரூம்ல உக்காந்துக்கிட்டு?"

"நீங்க மேடம்... காலேஜ்ல உங்க பழைய பேப்பரைப் படிச்சிட்டுத்தான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன். உங்களைப் போய்த் தப்புன்னு நான் எப்படிச் சொல்றது?"

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த ஜுலைகாவின் முகம் அப்போதுதான் மாறியது. கோடு மங்கியபோது வராத வலி அதில் தெரிந்தது.

"அதுக்குத்தானேய்யா உன்னை வெச்சிருந்தேன்" என்றார்.

அப்படியே வெளியே போய்விட்டார். எங்களில் ஒருவருக்கும் தணிகைவேல் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? மாதாவிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்பது எனக்குத் தெரியுமே.

வெள்ளிக்கிழமைப் பந்தலைப் பிரித்தார்கள். ஐம்பத்திரண்டிலிருந்து ஐம்பத்தாறு வரை எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும், பதினோரு வாரம் ஆகும் என்று ஜுலைகா எழுதிக் கொடுத்தார். இந்த முறை எந்த எண்ணையும் எந்தக் கோட்டுக்கும் நகர்த்தக்கூடாது என்று விதியையும் மாற்றினார். தன் கோட்டை ரத்து செய்து உலகத்துக்கு அவர் எழுதிய கடிதம் மூன்றே வரி. 'அடையாளம் தவறு. தவறு என்னுடையது. இதை நம்பி உலை நடத்துகிறவர்கள் உடனே நிறுத்தவும்.' அதில் தணிகைவேல் பெயர் இல்லை. ஏன் மேடம் என்று கேட்டேன். "அவன் என்னை நம்பினது அவன் தப்புன்னு எழுதச் சொல்றியா?" என்று ஒரே அதட்டு. ஐந்து நாடுகளில் உலைகளை நிறுத்தினார்கள். எங்கள் வாசலில் இருந்த பளிங்கை அவரே ஆள் வைத்துக் கழற்றினார்.

ஊரில் பேசியதை எல்லாம் எழுத முடியாது. 'கோட்டை விட்ட அம்மா' என்று கைபேசியில் படம் போட்டுச் சுற்றவிட்டார்கள். தண்ணீர் லாரி வாரம் இரண்டு நாள் வந்தது. மெர்சி பக்கத்து வீட்டில் போய் டிரம்மைத் திருப்பிக் கேட்டு வாங்கினாள், அதற்கு ஒரு பேச்சு வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, படிச்ச பொம்பளைதானே அவங்க? பன்னிரண்டு வருஷம் கழிச்சா கண்ணு தெரியும்? நான் குடத்தைத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன் வெயில்ல."

"பதினோரு வாரம் தண்ணி இல்லாம இருக்கலாமா, மூணு வருஷம் இருக்கலாமா? நீயே சொல்லு."

"அந்த மூணு வருஷம் வந்தாத்தானே தெரியும். இப்ப வராததுனால எனக்கு இந்தப் பதினோரு வாரம்தான் தெரியுது" என்றாள்.  நடக்காமல் போன விபத்தை யாருக்கு எப்படிக் காட்டுவது?

அந்த நாட்களில் நான் தினமும் அணுத் தரவுப் பிரிவுப் பக்கம் போவேன். ஒரு அணுவின் ஒரு நிலைக்கு மட்டும் லட்சக்கணக்கான படிகள். ஒவ்வொரு படியிலிருந்தும் எலக்ட்ரான் எங்கெங்கே தாவும், எவ்வளவு அடிக்கடி தாவும் என்று கோடிக்கணக்கில் கணக்கு. கணினிதான் போடுகிறது, ஆனால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க மனுஷமூளை வேண்டும். ஜுலைகா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்ப்பார். ஊர் திட்டுவது அவர் காதில் விழாமல் இல்லை. ஒருநாள் கீழக்கரையிலிருந்து அவருடைய தம்பியே போனில் ஏதோ சொல்லிவிட்டார். போனை வைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார். இப்படி ஒருவர் நம் காலத்தில் நம் கூரைக்குக் கீழே வேலை செய்கிறார் என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த அறையில் தணிகைவேல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். பத்தரைக்கு ஒருவர், பதினொன்றுக்கு ஒருவர் டீ. பார்த்துக்கொண்டால் தலையசைப்பு, அவ்வளவுதான்.

பதினோராவது வாரம் புதன்கிழமை. இரண்டு தாள்களும் மேசையில் கவிழ்ந்து கிடந்தன. ஒத்துப்போனால் வியாழன் மத்தியானம் உலை. நான் என் ஆட்களுக்குத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். இருவரும் புரட்டினார்கள்.

ஒத்துப்போகவில்லை. ஐம்பத்தைந்தில் ஒன்பது சதவீதம் இடித்தது.

"அட கர்த்தாவே" என்றேன்.

ஜுலைகா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து தணிகைவேலைப் பார்த்தார்.

"என்ன சொல்றே தணிகை? ஊரே தண்ணிக்குக் காத்துக்கிட்டு இருக்கு. நான் முப்பது வருஷமா இதைப் போடுறேன். என் நம்பரை ஏத்திடலாமா?"

தணிகைவேலின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"கூடாது மேடம். என் நம்பரை நான் மாத்த மாட்டேன். உங்களோடதுதான் தப்புன்னு நினைக்கிறேன்."

ஜுலைகா நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. தணிகைவேல் பதறிப்போய், "மேடம், நான் மரியாதைக் குறைவா..." என்று ஆரம்பித்தார்.

"வாயை மூடுடா" என்றார் முந்தானைக்குள்ளிருந்து. அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை. "யா அல்லாஹ், இதைக் கேட்க எனக்குப் பன்னிரண்டு வருஷமாச்சு."

நான் வராந்தாவுக்கு வந்து இயக்குநரைப் போனில் கூப்பிட்டேன்.

"சார், நாளைக்கு உலை கிடையாது."

"சூசைராஜ்! யார் நம்பர் சரி? அதையாவது சொல்லுங்க."

"தெரியலை சார். தெரிஞ்சா நாளைக்கே மூட்டிடுவேனே."

வீட்டுக்குப் போய் மெர்சியிடமும் நானேதான் சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்கப் பதினாறு நாள் ஆயிற்று. தவறு தணிகைவேலினுடையதுதான். ஒரு தாவலை இரண்டு தடவை சேர்த்துவிட்டிருந்தார். கண்டுபிடித்ததும் அவரேதான், ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஜுலைகாவின் அறைக் கதவைத் தட்டினார். திருத்திய பிறகு இரண்டு எண்ணும் அரை சதவீதத்துக்குள் வந்தன. பிரிவின் பதிவேட்டில் ஜுலைகா எழுதிய குறிப்பை நான் பார்த்தேன். 'தவறு செய்தவர்: தணிகைவேல். கண்டுபிடித்தவர்: தணிகைவேல். நாங்கள் இருவரும் இதைக் குறித்து மகிழ்கிறோம்.' கீழே இரண்டு கையெழுத்து. அன்றைக்குப் பத்தரைக்கு இருவரும் ஒன்றாக டீ குடிக்கப் போனார்கள், மறுநாள் உலையை மூட்டினோம்.